பல் துலக்க மறுக்கும் குழந்தை: 1 முதல் 3 வயது வரைக்கான முழுமையான வழிகாட்டி

பிரஷ்ஷைக் கண்டதும் உதட்டை இறுக மூடிக்கொள்ளும், தலையைத் திருப்பும், உள்ளே போன பிரஷ்ஷைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடாது, கைக்கு அகப்படாமல் ஓடும். ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் இவற்றில் ஒன்றையாவது செய்யாத குழந்தை அரிது. அதற்காக "கொஞ்சம் வளரட்டும், தானா பழகிக்கும்" என்று தள்ளிப்போட முடியாது. பால் பல்லின் எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதி தடிமன்தான். சொத்தை ஒருமுறை உள்ளே இறங்கினால் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். விழப்போகிற பல்தானே என்ற கணக்கும் உதவாது. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை மென்று கொடுக்க வேண்டும், அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடமும் பிடித்து வைக்க வேண்டும்.

கீழே சொல்லும் முறை முழுவதும் ஒரே ஏற்பாட்டின் மேல் நிற்கிறது: இரவு என்பது பல் சுத்தமாக வேண்டிய நேரம்; காலை என்பது குழந்தை பழக வேண்டிய நேரம். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. பல்லில் உருவாகும் அமிலத்தைத் தணிப்பதே எச்சில்தான். அதனால் இரவில் பெரியவரே மடியில் போட்டு, வேகமாக, முழுமையாகத் தேய்த்து முடிக்கிறார். காலையில் அவசரம் இல்லை. மூன்று எண்ணும் வரை பிரஷ் பல்லில் பட்டால்கூட அன்றைக்கு வெற்றிதான். சுத்தமும் ஆக வேண்டும், குழந்தையும் விரும்பிச் செய்ய வேண்டும் என்று இரண்டையும் ஒரே வேளையில் எதிர்பார்க்கும்போதுதான் சண்டை மூள்கிறது.

முதல் வேலை: ஏன் மறுக்கிறது என்று பாருங்கள்

அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன் வாய்க்குள் பாருங்கள். பகலில், குழந்தை நல்ல மனநிலையில் இருக்கும்போது மடியில் படுக்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்திலோ டார்ச் வெளிச்சத்திலோ மேலுதட்டை மெல்லத் தூக்குங்கள். நடுவில், உதட்டின் உட்பக்கத்தையும் ஈறையும் இணைக்கும் ஒரு சின்னச் சவ்வு தெரியும். குழந்தைகளுக்கு இது தடிமனாகவும், முன்பற்களுக்கு மிக அருகில் இறங்கியும் இருக்கும். மேல் முன்பல்லைத் தேய்க்கிறேன் என்று பிரஷ்ஷை மேலே தள்ளும் ஒவ்வொரு முறையும் அதன் முனை நேராக இந்தச் சவ்வில் இடிக்கிறது. நன்றாகவே வலிக்கும். மற்ற பற்களைத் தேய்க்க விட்டு, மேல் முன்பல்லுக்கு வரும்போது மட்டும் அலறுகிற குழந்தைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். தீர்வும் எளிது: இடது கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டை அந்தச் சவ்வின் மேல் படுக்க வைத்து மூடிக்கொண்டு, விரலுக்குக் கீழே தேய்க்க வேண்டும். சில வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும்.

அடுத்த சந்தேகம் பல் முளைப்பு. முதல் கடைவாய்ப் பற்கள் பொதுவாக 13 முதல் 19 மாதத்துக்குள் வரும், கோரைப் பற்கள் 16 முதல் 22 மாதத்துக்குள், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதத்துக்குள். இந்தக் காலங்களில் ஈறு வீங்கி, தொட்டாலே கூசும். அந்த இடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் நனைத்த பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் போதும். ஈறு மரத்துப்போகத் தடவும் ஜெல்களில் பென்சோகேன் இருந்தால் இரண்டு வயதுக்குள் பயன்படுத்தவே கூடாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை அது ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும்.

பேஸ்ட்டும் காரணமாகலாம். பெரியவர்களுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் புதினாச் சுவை இந்த வயதில் எரிச்சலாகத் தெரியும். நுரையும் அப்படித்தான்: துப்பத் தெரியாத வாயில் நுரை பெருகினால் மூச்சு முட்டுவது போலிருக்கும். நுரையை உண்டாக்குவது பெரும்பாலும் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பொருள். டியூப்பின் பின்பக்கம் பார்த்து, அது இல்லாததை வாங்கலாம். பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ்ஷை ஏற்றுக்கொள்ளும் குழந்தை, பேஸ்ட் வைத்ததும் மறுக்கிறது என்றால் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பிரஷ் நாக்கின் பின்பகுதியைத் தொட்டுக் குமட்டல் வந்திருக்கலாம். எதிரே நின்று, தலைக்குப் பிடிமானமே இல்லாமல் அண்ணாந்து பார்க்க வைத்திருக்கலாம். கண் சொக்கும் நேரத்தில் ஆரம்பித்திருக்கலாம். இவை எதுவுமே இல்லையென்றால் வயதுதான்: எல்லாவற்றுக்கும் "மாட்டேன்" சொல்லிப் பார்க்கும் வயது. அதற்கும் வழி உண்டு, பின்னால் வருகிறது.

நேற்று வரை ஒழுங்காகத் தேய்க்க விட்ட குழந்தை இன்று திடீரென்று மறுத்தால் மட்டும் கணக்கு வேறு. வாய்ப்புண், காய்ச்சலோடு சிவந்து வீங்கிய ஈறு, புதிய சொத்தை என்று ஏதோ ஒன்று வலிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ், பேஸ்ட், அளவு

பிரஷ்ஷின் தலை குழந்தையின் இரண்டு முன்பற்களை மூடும் அளவுக்கு மேல் போகக் கூடாது. நார்கள் மிக மென்மையாக இருக்க வேண்டும். தேய்த்துவிடப்போவது நீங்கள் என்பதால், கைப்பிடி உங்கள் கைக்கு நீளமாக இருப்பது நல்லது. கடைகளில் கிடைக்கும் குட்டையான, தடித்த கைப்பிடி குழந்தை தானே பிடிப்பதற்கானது. அதைக் கொண்டு இன்னொருவர் வாயைத் தேய்ப்பது சிரமம்.

ஆகவே இரண்டு பிரஷ் வாங்குங்கள். நீளக் கைப்பிடி உங்களுக்கு, தடித்த கைப்பிடி குழந்தைக்கு. இது வீண் செலவில்லை, முறையின் பாதி பலமே இதில்தான் இருக்கிறது. ஒரே பிரஷ் இருக்கும் வீட்டில் குழந்தை கொஞ்சம் தேய்த்ததும், "இப்போ அம்மாகிட்ட குடு" என்று பிடுங்க வேண்டி வருகிறது; அழுகை அந்த நொடியில் தொடங்குகிறது. இரண்டு இருந்தால் பிடுங்கவே வேண்டாம். குழந்தை தன் பிரஷ்ஷைக் கடித்து நார் விரிந்துபோனாலும் தேய்க்கும் பிரஷ் நன்றாக இருக்கும். நார் விரிந்த பிரஷ்ஷையும் மூன்று மாதம் ஆன பிரஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். மின்சார பிரஷ் கட்டாயமில்லை. அதிர்வைச் சில குழந்தைகள் ரசிக்கும், சில மிரளும். வாங்கினால் முதலில் உள்ளங்கையிலும் கன்னத்திலும் வைத்துக் காட்டிவிட்டு வாய்க்குக் கொண்டுபோங்கள்.

பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்க வேண்டும், 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அல்லது அதற்கு மேல். அதைவிடக் குறைவானவை சொத்தையைத் தடுக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை. "விழுங்கினாலும் பரவாயில்லை" என்று விற்கப்படும் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் சுவைக்குப் பழக்குமே தவிர, சொத்தையிலிருந்து காப்பாற்றாது. விழுங்குவது பற்றிய கவலைக்குப் பதில் அளவில் இருக்கிறது. முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதாவது சுமார் 0.1 கிராம். மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, சுமார் 0.25 கிராம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014-ல் வெளியிட்ட பரிந்துரையும் இதுதான். 1000 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு. அரிசி மணி அளவில் இருப்பது 0.1 மில்லிகிராம், இரண்டு வேளையும் அப்படியே விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான் உள்ளே போகும். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்கு வளைத்து வளைத்துப் பிழிந்தால் இதன் பல மடங்கு. அதைத் தினமும் விழுங்கினால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களில் பின்னாளில் வெள்ளைத் திட்டுகள் தெரியலாம்.

பேஸ்ட்டைப் பிழிவது எப்போதும் பெரியவர் வேலை. பிழிந்த கையோடு விரலால் நாருக்குள் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் குழந்தை நக்கிவிட்டு, வெறும் பிரஷ்ஷை உங்களிடம் நீட்டும். டியூப் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தவறிப்போய்ப் பெரிய அளவில் தின்றுவிட்டால், குழந்தையின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு என்பது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அளவு. 12 கிலோ குழந்தைக்கு அது 60 மில்லிகிராம், 1000 பி.பி.எம். பேஸ்ட்டில் 60 கிராம். பெரியவர்களின் பேஸ்ட்டில் ஃபுளோரைடு இதைவிட அதிகம், அதனால் அந்தக் கிராம் கணக்கு இன்னும் சுருங்கும்.

படுக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது

நின்றபடி, நேருக்கு நேர் தேய்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. இருப்பதிலேயே மோசமான நிலையும் அதுதான். தலை ஆடும், பின்பற்கள் தெரியாது, குழந்தை பின்னால் நகர்ந்துகொண்டே போகும். தலைக்குக் கீழே ஏதாவது தாங்கலாக இருக்க வேண்டும்.

இரண்டு பேர் இருந்தால்: எதிரெதிரே நாற்காலியிலோ தரையிலோ முழங்கால்கள் தொட உட்காருங்கள். குழந்தை ஒருவரைப் பார்த்தபடி அவர் மடியில் உட்கார்ந்து, கால்களை அவர் இடுப்பின் இருபுறமும் போட்டுக்கொள்ளட்டும். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்த்தால் தலை மற்றவர் மடியில் வந்து அமரும். முதலாமவர் கைகளைப் பிடித்துக்கொண்டு முகம் பார்த்துப் பேச, இரண்டாமவர் மேலிருந்து வாய்க்குள் பார்த்துத் தேய்ப்பார். பல் மருத்துவர்கள் இந்த வயதுக் குழந்தைகளைப் பரிசோதிப்பதும் இப்படித்தான். இப்போதே பழகினால் மருத்துவமனையிலும் மிரளாது.

தனியாக இருந்தால் தரையில் காலை நீட்டி உட்காருங்கள். குழந்தையை உங்கள் இரு தொடைகளுக்கு நடுவே, தலை உங்கள் வயிற்றுப் பக்கம் வரும்படி மல்லாக்கப் படுக்க வையுங்கள். கைகள் உங்கள் தொடைகளுக்கு அடியில் தளர்வாக இருக்கட்டும். மேலிருந்து பார்க்கும்போது மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் தெளிவாகத் தெரியும். கட்டில் ஓரத்தில் படுக்க வைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்தும் செய்யலாம்.

ஓரளவு பழகிய குழந்தைக்குக் கண்ணாடி முன் நிற்கும் நிலை போதும். நீங்கள் பின்னால் நின்று, அதன் பின்தலை உங்கள் வயிற்றில் சாயும்படி வைத்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷ்ஷோடு நடக்கவோ ஓடவோ ஒருநாளும் விடாதீர்கள். தடுக்கி விழுந்தால் பிரஷ் மேலண்ணத்திலோ தொண்டையிலோ குத்தும். சிறு குழந்தைகளுக்குப் பிரஷ்ஷால் வரும் மோசமான காயங்கள் பெரும்பாலும் இப்படி நேர்பவைதான்.

இரவு: பெரியவர் தேய்த்துவிடும் முறை

நேரத்தை முதலில் சரி செய்யுங்கள். கடைசி உணவும் பாலும் முடிந்த பிறகு, ஆனால் கண் சொருகுவதற்கு முன். பலருக்கு இது தூங்கும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரும். அதன்பின் தண்ணீர் மட்டும்தான். இனிப்பான மருந்து சிரப் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் பல் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

1. பிரஷ் நாரை வெதுவெதுப்பான நீரில் சில நொடி நனைத்து உதறுங்கள். நார் இன்னும் மென்மையாகும். அரிசி மணி அளவு பேஸ்ட்டை வைத்து அழுத்திவிடுங்கள்.

2. குழந்தையைப் படுக்க வைத்து, அதன் பிரஷ்ஷை அதன் கையில் கொடுங்கள். இரு கன்னங்களையும் தாடையையும் உள்ளங்கையால் சற்று அழுத்தமாக, சில நொடி பிடித்துவிடுங்கள். லேசாகத் தொட்டால் கூசும் குழந்தைகளுக்கு அழுத்தமான தொடுகை அமைதி தரும். நுனிவிரலால் பட்டும் படாமலும் தொடுவதுதான் கூச்சத்தைக் கிளப்பும்.

3. பிரஷ்ஷைப் பேனா பிடிப்பது போல மூன்று விரலில் பிடியுங்கள். முஷ்டியில் பிடித்தால் அழுத்தம் கூடிவிடும். நாரை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, சிறு சிறு வட்டமாகச் சுற்றுங்கள். முன்னும் பின்னும் அறுக்க வேண்டாம்.

4. மேல் முன்பற்களின் வெளிப்பக்கம்தான் முதலில். உதட்டைத் தூக்கி, விரலால் சவ்வை மூடி, ஈறு ஓரத்தில் பத்து எண்ணும் வரை. சிறு குழந்தைகளுக்குச் சொத்தை முதலில் விழும் இடம் இது. நடுவில் குழந்தை நிறுத்திவிட்டாலும் முக்கியமான இடம் முடிந்திருக்கும். பலர் கீழ் முன்பற்களில் ஆரம்பிக்கிறார்கள், அவை எளிதாகத் தெரிவதால். நாக்கும் எச்சிலும் காத்துக்கொண்டிருக்கும் அந்தப் பற்கள் கடைசியாக வரலாம்.

5. பிறகு கடைவாய்ப் பற்கள், வந்திருந்தால். முதலில் மெல்லும் பரப்பு. அதிலுள்ள பள்ளங்களில்தான் உணவு தங்கும். பிறகு வெளிப்பக்கம், பிறகு நாக்குப் பக்கம். வாய் அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் உள்ளே நுழையாது. வெளிப்பக்கத்துக்கு வாயைப் பாதி மூடச் சொல்லுங்கள்.

6. மேல் முன்பற்களின் உட்பக்கம், கீழ் முன்பற்கள். நாக்கை ஒருமுறை முன்பாதியில் மட்டும் துடைத்துவிடுங்கள். பின்னால் போனால் குமட்டும்.

7. நுரையைத் துப்பத் தெரிந்தால் துப்பட்டும். தெரியாவிட்டால் துணியால் உதட்டைத் துடைத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைக்காதீர்கள். பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடு கழுவிப்போய்விடும்.

எல்லா 20 பால் பற்களும் வந்த வாய்க்கு இரண்டு நிமிடம் என்பதே இலக்கு. எட்டுப் பல் மட்டும் இருக்கும் வயதில், கடிகாரத்தைவிட எந்தப் பக்கமும் விடுபடவில்லை என்பதையே பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பற்கள் ஒட்டிக்கொண்டு இடைவெளி மறைந்துவிட்டால், அங்கே பிரஷ் நுழையாது. அந்த இடத்துக்கு இரவில் ஒருமுறை ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல்) தேவை. சிறு கைப்பிடியோடு வருவது வசதி.

வாயைத் திறக்கவே மறுத்தால் பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள், கடி பலமாக இருக்கும். ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உட்பக்கமாக ஓட்டி, கடைசிப் பல்லுக்குப் பின்னால் உள்ள வெறும் ஈறை மெல்ல அழுத்துங்கள். வாய் தானாகத் திறக்கும். ஒருபக்கம் குழந்தையின் தடித்த பிரஷ்ஷைக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபக்கம் தேய்ப்பதும் நன்றாக வேலை செய்யும்.

அழுதால்? அழும் வாய் திறந்த வாய்தான். குரலை உயர்த்தாமல், எண்ணிக்கொண்டே, சொன்ன எண்ணிக்கையில் முடித்துவிட்டுத் தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள். அழுகிற குழந்தையை அமைதியாகப் பிடித்துச் சீக்கிரம் முடிப்பதில் தவறில்லை. கோபத்தோடு அமுக்கிப் பிடிப்பது வேறு விஷயம். அது நாளைய சண்டையையும் சேர்த்தே கொண்டுவரும். உங்களுக்கே பொறுமை போய்விட்ட இரவில் மேல் முன்பல்லை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்துங்கள். மூச்சை அடக்கிக்கொண்டாலோ வாந்தி வந்தாலோ உடனே உட்கார வையுங்கள்.

காலை: படிப்படியாகப் பழக்குதல்

இரவில் ஃபுளோரைடு கிடைத்துவிட்டதால் காலையில் ஆரம்பப் படிகளைத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷோடு செய்தாலும் குற்றமில்லை. நான்காம் படியிலிருந்து பேஸ்ட் சேருங்கள். ஒரு படியை எதிர்ப்பில்லாமல் தொடர்ந்து மூன்று காலை கடந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

முதல் படியில் நீங்கள் உங்கள் பல்லைத் தேய்ப்பதைக் குழந்தை அருகில் உட்கார்ந்து பார்க்கட்டும். அதன் பிரஷ் அதன் கையில் இருக்கும். கடிக்கலாம், பொம்மைக்குத் தேய்க்கலாம், உங்கள் பல்லையும் தேய்த்துவிடலாம். நீங்கள் அதன் உதட்டை மட்டும் பிரஷ்ஷால் தொடுகிறீர்கள். இரண்டாம் படி: முன்பற்களில் மூன்று எண்ணும் வரை. மூன்றாம் படி: மேலும் கீழும் முன்பற்கள், ஐந்து எண்ணும் வரை. நான்காம் படியில் ஒருபக்கக் கடைவாய், ஐந்தாவதில் மறுபக்கம், ஆறாவதில் உட்பக்கங்கள்.

இதில் உயிர்நாடியான விஷயம் எண்ணிக்கையைக் காப்பாற்றுவது. மூன்று என்று சொன்னால் மூன்றில் பிரஷ் வெளியே வந்தாக வேண்டும். வாய் திறந்துதானே இருக்கிறது என்று நைசாக நான்கு, ஐந்து என்று நீட்டினால், மறுநாள் ஒன்றுக்கே வாய் திறக்காது. எண்ணிக்கை எப்போதும் ஒரே வேகத்தில் இருக்கட்டும். பாட்டு என்றால் தினமும் அதே பாட்டு, அதே இடத்தில் முடிய வேண்டும். எப்போது முடியும் என்று தெரிந்த வேதனையைக் குழந்தை பொறுத்துக்கொள்ளும்.

காய்ச்சல், பயணம், புதிதாக முளைக்கும் பல் என்று ஏதாவது குறுக்கிட்டால் பழகியது பின்வாங்கும். அப்போது இருந்த படியிலேயே போராடாமல் ஒரு படி இறங்கி, அங்கிருந்து தொடருங்கள்.

என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

"பல் தேய்க்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பது நியாயமான பதில். கேட்டது நீங்கள்தானே. தேய்ப்பதா இல்லையா என்பது குழந்தையின் முடிவில்லை, எப்படி என்பதை அதனிடம் விட்டுவிடலாம். "பல் தேய்க்கிற நேரம் வந்தாச்சு. அப்பா மடியிலயா, அம்மா மடியிலயா?" "சிவப்பு பிரஷ்ஷா, பச்சை பிரஷ்ஷா?" இரண்டு தேர்வு போதும், மூன்றாவதைச் சேர்த்தால் குழப்பம்தான். பதில் வராவிட்டால் நீங்களே ஒன்றை எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுங்கள், காத்திருந்து கெஞ்ச வேண்டாம்.

இரவில் முதலில் பெரியவர், பிறகு குழந்தை என்ற வரிசை நன்றாக நடக்கும். "அம்மா தேய்ச்சு முடிச்சதும் நீ கண்ணாடி பார்த்துத் தேய்ச்சுக்கோ" என்றால் கடைசியில் அதற்கு ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. குழந்தை தானே தேய்த்துக்கொள்வதைச் சுத்தம் என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் கைத்திறன் 7, 8 வயதில்தான் வரும். அதுவரை ஒருமுறையாவது பெரியவர் கை பட வேண்டும்.

"தேய்க்கலன்னா டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்ற மிரட்டல் அன்றைக்கு வேலை செய்யும். பிறகு உண்மையிலேயே பல் மருத்துவரிடம் போகும் நாளில் அதன் விலையைக் கொடுக்க வேண்டும். "வாயில பூச்சி ஓடுது, பிடிக்கலாம் வா" என்பது சில குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு, வேறு சில குழந்தைகள் ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டிருக்கும். உங்கள் குழந்தை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பதில், மதியம் என்ன சாப்பிட்டது என்று வரிசையாகச் சொல்லி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பல்லில் தேடலாம். இரண்டரை வயதுக்கு மேல் ஒட்டும் படங்களும் நட்சத்திர அட்டையும் பலன் தரும். அதற்குக் கீழே அவை பெரிதாகப் புரிவதில்லை. பரிசாக மிட்டாய் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செல்போனில் வீடியோ காட்டித் தேய்ப்பது பற்றிக் கறாரான கருத்துகள் உண்டு. தேய்க்காமல் விடுவதைவிட அது மேல். ஆனால் வீடியோ பிரஷ்ஷோடு தொடங்கி பிரஷ்ஷோடு முடிய வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் தானாக முடிகிற ஒன்றையே போடுங்கள்.

அடிக்கடி சிக்கலாகும் இடங்கள்

பால் குடித்தபடியே தூங்கும் குழந்தை: பாட்டிலில் பாலோ பழச்சாறோ வாயில் வைத்தபடி தூங்குவதுதான் மேல் முன்பற்களுக்கு மிகப் பெரிய எதிரி. பாலை முன்னால் நகர்த்தி, பிறகு பல் தேய்த்து, பாட்டில் வேண்டியே தீரும் என்றால் தண்ணீர் மட்டும் கொடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகும் இரவில் தாய்ப்பால் தொடர்ந்தால், தூங்கப்போகும் முன் தேய்த்துவிடுவதும் பகலில் இனிப்பைக் குறைப்பதும் முன்னைவிட முக்கியமாகின்றன.

தேய்க்காமல் தூங்கிப்போனால் எழுப்ப வேண்டாம். ஈரத் துணியால் மேல் முன்பற்களை மட்டும் துடைத்துவிட்டு, மறுநாள் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள். வாரத்தில் பலமுறை இப்படி நடந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம் தவறு.

ஒருவரிடம் மட்டும் தேய்க்க விடும் குழந்தையிடம், பழகியவர் தேய்க்கும்போது மற்றவர் கையைப் பிடிக்கட்டும். சில நாள் கழித்து மேல் வரிசை ஒருவர், கீழ் வரிசை ஒருவர். இருவரும் ஒரே வரிசையில், ஒரே எண்ணிக்கையில் செய்தால் மாற்றம் சீக்கிரம் ஒப்புக்கொள்ளப்படும்.

ஈறில் ரத்தம் கசிந்தால் பலர் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருக்கும், விட்டால் இன்னும் கூடும். மென்மையாகத் தொடர்ந்து தேய்த்தால் ஒரு வாரத்தில் நிற்க வேண்டும். வாந்தி எடுத்த உடனேயும் புளிப்பானது குடித்த உடனேயும் மட்டும் தேய்க்காதீர்கள். அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும். தண்ணீர் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

பல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, ஒன்றும் இல்லாவிட்டாலும். பிறகு மாதம் ஒருமுறை வீட்டிலேயே உதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல் முன்பற்களின் ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் கட்டம். பல்லைத் துடைத்து உலர்த்திப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடாலும் இரவு தேய்ப்பதாலும் அதை நிறுத்தவும் திருப்பவும் முடியும்; மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிவிடுவார், வலிக்காது, சில நிமிட வேலை. அந்தக் கோடு பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் பிரஷ்ஷால் ஆகக்கூடியது அதிகமில்லை. இரும்புச் சத்து சிரப் குடிக்கும் குழந்தைக்குப் பல்லின் மேல் கருமை படிவதுண்டு. அது வெறும் கறை, மருத்துவர் எளிதாக எடுத்துவிடுவார். எது கறை, எது சொத்தை என்று வீட்டில் ஊகிக்க வேண்டாம்.

ஈறில் பரு போன்ற கொப்புளம், முக வீக்கம், மெல்லும்போது ஒருபக்கத்தைத் தவிர்ப்பது, ஒரு வாரத்துக்கு மேலும் நிற்காத ரத்தக்கசிவு ஆகியவை தள்ளிப்போடக் கூடாதவை. முக வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

வலிக்குக் காரணம் எதுவும் இல்லாமல், மேலே சொன்னபடி ஒன்றிரண்டு மாதம் விடாமல் செய்தும், ஒவ்வோர் இரவும் இரண்டு பேர் பிடித்தால்தான் முடிகிறது என்றால், வேறு விஷயங்களையும் கவனியுங்கள். முகம் கழுவுவது, தலை சீவுவது, நகம் வெட்டுவது, சில உணவுகளின் பதம் என எல்லாவற்றுக்கும் இதே எதிர்ப்பு இருந்தால், தொடு உணர்ச்சி அந்தக் குழந்தைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை (அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் சிகிச்சையாளரை) பாருங்கள். போகும்போது இரண்டு பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்க்குள் எந்த இடம் தொட்டால் மிரள்கிறது என்பதை அங்கேயே காட்டிவிடலாம்.